பாதியில் வைத்த புத்தகம் எது?

மதுரை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. ஆனால் பார்வை தெளிந்த பிறகும் பத்துப் பக்கத்துக்கு மேல் எதிலும் மனம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கல்லூரி நாளில் விடிய விடியப் படித்துவிட்டு என்னையும் எழுப்பிக் கதை சொன்னவன் நீ.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. வந்தால் அழைத்துப் போகிறேன், குழந்தைகள் பகுதியைப் பார்த்தாலே மனசு நிறையும். ஆனால் நான் தினமும் போவது எங்கள் தெருமுனைக் கிளை நூலகத்துக்குத்தான். காரணம் அங்கே இருக்கும் நூலகர் அம்மா.

யார் புத்தகம் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது, "கடைசியாகப் பாதியில் வைத்த புத்தகம் எது, ஏன் வைத்தீர்கள்?" என்பதுதான். பிடித்தது எது என்று கேட்டால் எல்லோரும் பெரிய பெயராக ஒன்றைச் சொல்லிவிடுவார்களாம். என் பேரன், "எழுத்து பொடிசா இருக்கு, படமே இல்லை" என்றான். பறவைப் படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். இப்போது வண்டியூர் கண்மாய்ப் பக்கம் போனால் அவனை வீட்டுக்கு இழுத்து வர முடியவில்லை.

பக்கத்து வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பையன் இருக்கிறான். வீட்டில் ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறார்கள், புத்தகம் என்றாலே ஓடுவான். அவனிடம் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' போனது. 1959இல் வந்த சின்ன நாவல். ஒரே இரவில் முடித்துவிட்டு மறுநாள் வந்து, அந்தக் காரிக் காளையைப் பற்றி அவரிடம் அரைமணி நேரம் வாதாடினான். அந்த அம்மா ஒரு வேலையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் மறக்கவே மாட்டேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டு. பல காலமாகத் தெரிந்த விஷயம்தான். அந்தப் பையனைப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பற்றியும் நூலகர் அம்மாவிடம் சொன்னேன். வயதைக் கேட்கவில்லை, "அவருக்குச் சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார்?" என்றார். உன் அப்பா பினாங்கில் கடை வைத்திருந்ததைச் சொன்னதும் எழுந்து போய் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்து வந்தார். 1972இல் வந்தது. மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர் எழுதியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து மெடான் (இந்தோனேசியாவில் இருக்கும் நகரம்), பினாங்கு, நடுநடுவே நம் மதுரைத் தெருக்கள். உன் அப்பா திண்ணையில் சொன்ன கதைகளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டன. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும், அவசரப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

புத்தகத்தை என் அட்டையில் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வா. வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, வேறு நாளாகப் பார். எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய் என்று அவர் கேட்பார், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்