ரெபுடியேஷன்னா என்னன்னு அப்பாவுக்குத் தெரியல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வந்த ஆபீஸ் இங்கிலீஷ் பக்கம் படிச்சேன். யூஸ்னு எழுதாதீங்க யூட்டிலைஸ்னு எழுதுங்க, பிகின் வேணாம் கமென்ஸ் போடுங்க, அப்பதான் மதிப்புன்னு போட்டிருந்தீங்க. என்னால ஒத்துக்கவே முடியல சார்.

ரெண்டு வருஷம் முன்னாடி அம்மா ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் க்ளைம் போட்டோம், கம்பெனில இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. "நான்-சப்மிஷன் ஆஃப் த ரெக்விசிட் டாக்குமென்ட்ஸ் வித்தின் 15 டேஸ் ஷேல் என்டெய்ல் ரெபுடியேஷன் ஆஃப் த க்ளைம்"னு ஒரு வரி. கேட்ட பேப்பரை 15 நாளுக்குள்ள அனுப்பலைன்னா க்ளைமை நிராகரிச்சுடுவோம்னு அர்த்தம். அப்பா அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி, இங்கிலீஷ் பேப்பர் எழுத்துக்கூட்டிப் படிச்சுடுவாரு. ரெபுடியேஷனை ரெப்யூட்டேஷன்னு படிச்சுட்டு, கம்பெனிக்காரங்க அவங்க நல்ல பேரைப் பத்தி ஏதோ எழுதியிருக்காங்கன்னு மடிச்சு பீரோவுல வெச்சுட்டாரு. நான் ஊருக்கு வந்து பாக்குறப்ப கெடு தாண்டி 9 நாள் ஆச்சு. ப்ளீஸ் சென்ட் அஸ் த ஹாஸ்பிட்டல் பில்ஸ் வித்தின் 15 டேஸ், இஃப் யூ டோன்ட், வீ வில் நாட் பேன்னு எழுதியிருந்தா அப்பா மறுநாளே போஸ்ட் ஆபீஸ்ல நின்னிருப்பாரு. இதுவும் இங்கிலீஷ்தானே, தப்பு ஒண்ணும் இல்லையே.

இங்கிலாந்துலயே இந்த சண்டை நடந்திருக்கு. 1979ல க்ரிஸ்ஸி மாஹர்னு ஒரு அம்மா, பதினாலு பதினஞ்சு வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவங்க, புரியாத கவர்மென்ட் ஃபாரத்தை எல்லாம் லண்டன் பார்லிமென்ட் முன்னாடி கிழிச்சுப் போட்டு ப்ளைன் இங்கிலீஷ் கேம்பெயினை ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல 2010ல, ஃபெடரல் ஆபீஸ்கள் ஜனங்களுக்குப் புரியுற மாதிரிதான் எழுதணும்னு சட்டமே போட்டுட்டாங்க. நாம மட்டும் இன்னும் ஐ பெக் டு ஸ்டேட்னு பழைய காலத்து லெட்டர் பாணியிலயே நிக்கிறோம்.

அதுக்காக நம்ம ஊர் இங்கிலீஷ் எல்லாமே மட்டம்னு நான் சொல்லல. ப்ரீபோன் எவ்வளவு நல்ல வார்த்தை, மீட்டிங்கை சொன்ன தேதிக்கு முன்னாடியே வெச்சாச்சுன்னு ஒரே சொல்லுல முடிஞ்சுது, அதை யாராவது கேலி பண்ணா எனக்குக் கோவம்தான் வரும். ஆனா டவுட்ங்கிற வார்த்தையில கவனமா இருக்கணும். நமக்கு சந்தேகம்னா கேள்வியும்தான், அதனால என் அண்ணன் பையன் வெளிநாட்டு க்ளையன்ட்டுக்கு ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்னு மெயில் போட்டான், அந்தாளு தன் டிசைன் மேல நம்பிக்கை இல்லேன்னு சொல்றான்னு எடுத்துக்கிட்டாரு. கொஸ்டின்னு போட்டிருந்தா முடிஞ்சுது.

நான் எது எழுதினாலும் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன். எதிர்ல ஆள் உக்காந்திருந்தா இப்படி சொல்ல மாட்டோமேன்னு நாக்கு எங்க தடுக்குதோ அந்த வரியை அடிச்சுடுவேன்.

அடுத்த வாரம் பெரிய வார்த்தை லிஸ்ட்டுக்குப் பதிலா, வாசகர்களுக்கு வந்த நிஜ லெட்டரை எடுத்து எளிமையா திருத்திப் போடுங்க சார். அம்மாவோட க்ளைம் லெட்டர் இன்னும் அதே பீரோவுலதான் இருக்கு. பேரு நம்பர் எல்லாம் மறைச்சு ஜெராக்ஸ் இதோட வெச்சிருக்கேன், முதல்ல அதையே எடுத்துக்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி