மாட்டுப் பொங்கல் காலை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். புனேயில் குளிர் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு.

இன்று விடியுமுன்னே உன் கேமராவை எடுத்துக்கொண்டு நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போனேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறதல்லவா. 2015-இல் முதல்முதலாக நடந்தபோது நீதான் என்னை இழுத்துப் போனாய். 15 நிமிஷம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி, இபேர்ட் என்கிற பறவைக் கணக்கு இணையதளத்தில் ஏற்றினால் போதும் என்றாய். இன்று ஒன்றரை மணி நேரம் நின்றேன். செம்மார்புக் குக்குறுவான் 2, வால்காக்கை 1, மாங்குயில் 1, தேன்சிட்டு 4.

ஆறரைக்கு ஆறுமணிக்குருவியின் விசில் கேட்டது. வேலியடிச் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. வாலடியில் அதே சிவப்பு. இமயமலை அடிவாரம் வரைக்கும் போய்விட்டு வருஷா வருஷம் தவறாமல் வந்துவிடுகிறது. நிழலாக இருந்ததால், வெளிச்சத்துக்காகக் கேமராவின் ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றியும் ஷட்டர் ஸ்பீடு 1/60 நொடிதான் கிடைத்தது, குருவியின் அசைவுக்குப் போதவில்லை. எல்லாப் படமும் கலங்கல். தரையோடு உட்கார்ந்து எடு என்பாய், முட்டி மடங்கவில்லை. நீ எடுத்த படம்தான் இன்னும் ஹாலில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன்.

பொந்து மரத்தில் புள்ளி ஆந்தை ஒன்றுதான் இருந்தது. எப்போதும் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்குமே. வெயில் ஏறும்வரை பார்த்தேன். மற்றது உள்ளே இருந்திருக்கலாம். 1 என்றுதான் எழுதினேன்.

மாப்பிள்ளை சௌக்கியமா? நேற்றுப் பேசியபோது குளிக்கிறார் என்றாய். தீபாவளிக்கும் அப்படித்தான் சொன்னாய். அம்மாவும் கவனித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நீயாக ஒரு போன் செய்ய இரண்டு நிமிஷம் ஆகுமா? வேலை இருக்கும், தெரியும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

போன ஆடியில் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டு அழுதாயே. "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லையே, சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். யார் என்று அம்மா கேட்டதற்கு ராங் நம்பர் என்றேன். அதற்கப்புறம் நீ அழவே இல்லை. சரியாகிவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன். தப்பு செய்துவிட்டேன் பாப்பா.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள்.

எத்தனை மணியானாலும் கூப்பிடு. போன் தலைமாட்டிலேயே இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா