ஒரு லட்சம் கிலோமீட்டர் எஸ்டிமேட்

ஒட்டன்சத்திரம்

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த, உன் மீன் வண்டியின் ஒரு லட்சம் கிலோமீட்டர் சர்வீஸ் எஸ்டிமேட்டும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எங்களையெல்லாம் கேள்வி கேட்கிறார். சின்னவன் பாலிடெக்னிக் கடைசி வருஷம். சந்தையில் முருங்கை வரத்து இறங்கிவிட்டது, அதனால் இந்த மாதம் வண்டி வாடகையும் சுமார்தான்.

இப்போது உன் விஷயம். 58,400 ரூபாய் என்று பார்த்ததும் வண்டியைத் தள்ளிவிடலாமா என்று உனக்குத் தோன்றியது நியாயம்தான். விற்காதே. ஆனால் அந்தத் தொகை முழுவதையும் கட்டவும் செய்யாதே.

முதலில், டேஷ்போர்டுக்குள் கிடக்கும் வண்டிக் கையேட்டை எடு. கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும்: எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது, எதை மாற்ற வேண்டும் என்று. எஸ்டிமேட்டையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடி. அட்டவணையில் இருப்பது வண்டி கேட்பது. இல்லாதது பெரும்பாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது. உன் காகிதத்தில் 'எஞ்சின் ட்ரீட்மென்ட்', 'கேபின் டிஸ்இன்ஃபெக்ஷன்', 'அண்டர்பாடி பாலிஷ்' என்று மூன்று வரி பார்த்தேன். மீன் ஏற்றுகிற வண்டிக்கு கேபின் வாசனை போக்க ஆயிரத்து எண்ணூறு ரூபாயாம். அது மறுநாளே திரும்பி வந்துவிடும் என்று உனக்கே தெரியும்.

அடுத்தது இன்ஜெக்டர், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம், அதைக் கழற்றிச் சரிபார்க்கும் ஓவராலுக்கு 22,000. காலையில் ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை, மைலேஜும் குறையவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு எதற்குக் கழற்ற வேண்டும்? காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் போகிறது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளியெல்லாம் கண்ணுக்கே தெரியாத அளவு. அதைக் காரணமில்லாமல் திறந்து மூடுவது நல்லதல்ல. சந்தேகமாக இருந்தால் பம்ப் ரிப்பேர் பார்க்கும் கடையில் ரிட்டர்ன் அளவு பார்க்கச் சொல். நாலு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனியாகப் பிடித்துப் பார்ப்பார்கள், எது தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பதில் டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்று, அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிடு. இன்ஜெக்டரைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீரும் தூசியும்தான்.

கிளட்ச்சும் அப்படித்தான். நீ ஓட்டுவது சமதளம். லோடோடு மேல் கியரில் மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால்தான் பிளேட் போய்விட்டது என்று அர்த்தம். அதுவரை விடு. மாற்றும் நாளில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே போடு. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு, அதை இரண்டு தடவை கொடுக்க வேண்டாம்.

இனி எஸ்டிமேட்டில் சின்ன எழுத்தில் இருப்பவற்றுக்கு வருகிறேன். இவற்றில் ஒன்றையும் விடாதே.

பிரேக் ஆயில். உன் காகிதத்தில் ஐந்நூறு ரூபாய்கூட இல்லை, அதனால் 'வேணும்னா போட்டுக்கலாம் சார்' என்று சொல்லியிருப்பார்கள். நான் பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை இறங்குகிறவன், எனக்கு இதுதான் உயிர். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. அதே ஆயிலில் நாலு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்து இறங்கும்போது அந்தச் சூடு வந்துவிடும். உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால், மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், பெடல் தரையைத் தொடும். உனக்கு மலை இல்லை, சரி. ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதோடு வாடகை கிடைத்தால் நீ மூணாறுக்கும் மீன் கொண்டு போகிற ஆள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக மாற்று. பின் வீல் டிரம்மைக் கழற்றும்போது லைனரோடு வீல் சிலிண்டர் கசிவையும் பார்க்கச் சொல்.

பின் அச்சின் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் கிரவுன் ஆயிலைப் பலர் மறந்தே போகிறார்கள். வாட்டர் சர்வீஸில் பீச்சி அடிக்கும்போதும் தேங்கிய தண்ணீரில் இறங்கும்போதும் ஹவுசிங் மேலுள்ள காற்றுக் குழாய் வழியாக உள்ளே தண்ணீர் போகலாம். வடிக்கும்போது பக்கத்தில் நின்று பார். பால் கலந்ததுபோல் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுப்பாக வந்தால் பரவாயில்லை, மாற்றினால் போதும். எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டும் அப்படியே: அது தண்ணீரின் கொதிநிலையை உயர்த்த மட்டுமல்ல, உள்ளே துரு பிடிக்காமல் காக்கவும்தான். அந்தச் சக்தி நாளானால் தீர்ந்துபோகும். உங்கள் ஊர் போர்வெல் தண்ணீரை மட்டும் ரேடியேட்டரில் ஊற்றாதே. டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கு. ஹோஸ் பைப்பை விரலால் அமுக்கிப் பார், வெடிப்பு தெரிந்தால் கூலன்ட் வடித்திருக்கும்போதே மாற்றிவிடு. ஃபேன் பெல்ட்டும் கூடவே.

உன் வண்டிக்கு உண்மையான எதிரி எஸ்டிமேட்டில் இல்லவே இல்லை: உப்பு. தருவைகுளத்தில் ஏற்றும் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழி நெடுக சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், மேல் சொட்டிக்கொண்டே வருகிறது. எஞ்சின் நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடும், சேஸிஸ் அதற்கு முன்னால் கை விட்டுவிடும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட், பிரேக் பைப் லைன், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பார். துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே கறுப்புக் கோட்டிங் அடிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வராமல் துரு இன்னும் வேகமாகத் தின்னும். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங். டிங்கரிங் பட்டறையில் எட்டாயிரத்துக்குள் முடியும். பெட்டியின் தரையில் வடிகால் குழாய் ஒன்று வைத்து, தண்ணீர் சேஸிஸுக்கு வெளியே விழும்படி செய்துவிடு.

என் கணக்குப்படி ஆயில்கள், ஃபில்டர்கள், பின் பிரேக், பெல்ட், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 20,000. சேஸிஸ் வேலை 8,000. மொத்தம் 28,000.

புது வண்டி பற்றியும் கேட்டிருந்தாய். 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, விலை இறங்கியது உண்மை. புது வண்டி விலை இறங்கினால் உன் பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலையும் கூடவே இறங்கும், அதை புரோக்கர் சொல்ல மாட்டார். எட்டு லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 17,000. உன் 58,400-ஐ முழுதாகக் கொடுத்தாலும் மூன்றரை மாதத் தவணைதான். உன் வண்டி ஒரு லட்சம்தான் ஓடியிருக்கிறது, கடனும் முடிந்துவிட்டது. சம்பாதித்துக் கொடுக்கிற வயதே அதற்கு இனிமேல்தான்.

ஒன்று மட்டும் கணக்கில் வை. வண்டிக்கு எட்டு வயது வரை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். என் பொலிரோ 2017-ல் எடுத்தது, அதனால் இப்போது எனக்கு ஒவ்வொரு வருஷமும் பெயின்ட், ஸ்டிக்கர், அலைச்சல், ஒரு நாள் வாடகை நஷ்டம். உன்னுடையது 2019 என்பதால் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

நாங்கள் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறோம். என்னிடம் இருந்தால் டீக்கடையிலேயே கரைந்துவிடும் என்று வீட்டுக்காரிதான் வைத்துக்கொள்கிறாள். டயர், பேட்டரி, கிளட்ச் எல்லாம் அதிலிருந்துதான். சர்வீஸ் என்றால் இப்போது மலைப்பு இல்லை, வீட்டில் பணம் கேட்கும்போதுதான் கொஞ்சம் மலைப்பு.

டிக் அடித்த எஸ்டிமேட்டை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் கோடு கிழித்தவற்றைச் செய்யவே வேண்டாம். கியர் ஆயில் எப்போது மாற்றினாய் என்று அதில் இல்லை, பழைய பில்லைப் பார்த்து எழுது. பொங்கலுக்கு முன்னால் இந்தப் பக்கம் லோடு கிடைத்தால் வீட்டுக்கு வா. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நெத்திலிக் கருவாட்டையும்.

அன்புடன்,
செல்வராஜ்