ஓவியரின் வட்டம் முட்டையாகக் கூடாதுங்க

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளில் ஆர்டர்களைக் கையாளும் மெர்ச்சண்டைசர்களுக்கு,

வணக்கமுங்க. ஓவியர் பெயர் போட்ட டி-ஷர்ட் ஆர்டரையும் சாதா லோகோ மாதிரியே எங்கள் பிரிண்டிங் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்காக அனுப்பி விடுகிறீர்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ஜப்பானிய ஓவியர் யயோய் குசாமா 2012இல் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான லூயி வித்தோனுக்குக் கொடுத்த புள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பையில் புள்ளி அப்படியே நிற்கும். நம் சிங்கிள் ஜெர்சியில் (டி-ஷர்ட்டுக்கான பின்னல் துணியில்) நிற்காது. நீளத்தில் 5%, அகலத்தில் 2% சுருங்கும் துணி என்றால், 10 செ.மீ. வட்டம் சலவைக்குப் பின் 9.5க்கு 9.8 ஆகிவிடும். பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் வகை இங்க்) தடிப்பாக ஏறியிருந்தால் இன்னும் மோசம்: இங்க் சுருங்காது, சுற்றியுள்ள துணி சுருங்கும், விளிம்பு அப்பளமாக நெளியும். பிரிண்ட் பலகையில் பிட்டை (வெட்டிய துணித் துண்டை) ஒட்டும்போது கை கொஞ்சம் இழுத்தாலும் போச்சு. எடுத்ததும் துணி பழைய நிலைக்குத் திரும்பும், வட்டம் கோணும். அதனால் காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கும் வேலை) முடிந்த துணியையே கொடுங்கள். வெட்டிய பிட்டு ஒரு நாள் தளர்வாகக் கிடக்கட்டும். சுருக்க ரிப்போர்ட் கையில் வராமல் ஸ்கிரீனுக்கான ஃபிலிம் போடச் சொல்லாதீர்கள்.

அடுத்தது நிறம். இன்னொரு ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமி 2003இல் அதே லூயி வித்தோனுக்குச் செய்த மோனோகிராமில் (எழுத்துச் சின்ன வடிவத்தில்) 33 நிறம். அப்படி ஒரு படம் வந்தால், நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்ற செலவுக்குப் பயந்து நீங்களாகவே எட்டாகக் குறைக்காதீர்கள். படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் கேடு வந்தால் எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் ஓவியருக்கு உண்டு. நம் 1957 சட்டத்தின் 57ஆம் பிரிவு அதுதான். நிறத்தைக் குறிக்கும் பேன்டோன் நம்பரையும் பாருங்கள். 'சி' என்று முடிந்தால் அது பளபளப்புக் காகிதத்துக்கானது. பருத்திக்கு 'டிசிஎக்ஸ்' நம்பர் கேட்டு வாங்குங்கள்.

பெரிய நிறக் கட்டங்கள் என்றால் பிரிண்டே வேண்டாமே! பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், ஓவியர் மோந்திரியானின் கறுப்புக் கோடும் நிறக் கட்டமுமான ஓவியங்களை வைத்து 1965இல் செய்த உடைகளை அச்சடிக்கவில்லை. கம்பளி ஜெர்சியை நிறம் நிறமாக வெட்டி இணைத்துத் தைத்தார். தையல் நம் ஊருக்குப் புதிதா? ஆர்டர் கொடுத்த பையரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஆனால் துணியில் முறுக்கு இருந்தால் கறுப்புக் கோடு சாய்ந்துவிடும், அதை முதலிலேயே சோதியுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி அச்சு) ஆர்டர் துணியின் அதே ஜிஎஸ்எம் (எடை அளவு), அதே சாயத் துணியில்தான் இருக்க வேண்டும். மூன்று தடவை துவைத்ததையும் துவைக்காததையும் சேர்த்தே ஓவியருக்கு அனுப்புங்கள். துவைக்காததை மட்டும் காட்டி வாங்கிய ஓ.கே.யை எங்களிடம் கொண்டுவராதீர்கள்.

இப்படிக்கு,
பிரிண்டிங் பட்டறைக்காரர்கள், திருப்பூர்