செயலாளர் ஆண்டறிக்கை: பருவம் தப்பிய பூக்களும் நம் தேனீப் பெட்டிகளும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் இந்த முறையும் இடம் போதவில்லை. சங்கத்தின் தேன் பிழியும் இயந்திரம் பழுது பார்க்கப்பட்டு நன்றாக ஓடுகிறது. எடுத்துப் போகிறவர்கள் கழுவிக் கொடுங்கள் என்ற பழைய வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த அறிக்கை முழுக்கப் போன குளிர்காலத்தைப் பற்றியதுதான்.

குளிர்காலம் என்று பெயர்தான். நடுக்குளிரில் வர வேண்டிய உறைபனி வரவில்லை. வெயில் அடித்த மதியங்களில் பெட்டி வாசலில் வசந்தகாலக் கூட்டம். ஹேசல் மரங்கள் முன்னதாகவே மகரந்தம் உதிர்த்தன. மஞ்சள் பூப் பூக்கும் டாண்டிலியன் செடி பூப்பதை நிறுத்தவே இல்லை. சில தோட்டங்களில் பிளம், செர்ரி மரங்களில் அங்கொரு கிளையும் இங்கொரு கிளையுமாகப் பூ விரிந்தது. இந்த மரங்களின் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. உறக்கம் கலைய அவற்றுக்குக் குறிப்பிட்ட அளவு குளிர் வேண்டும். அந்தக் கணக்கு தீர்ந்தபின் சில நாள் வெதுவெதுப்பே போதும், அவிழ்ந்துவிடும். அப்படி அவசரப்பட்டு அவிழ்ந்த மொட்டு வசந்தத்தில் இன்னொரு முறை பூக்காது.

இதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நம்மில் பலர். "பூ இருக்கிறது, கால்களில் மகரந்தம் வருகிறது, அப்புறம் என்ன கவலை?" என்று ஒரு கூட்டத்தில் நேரடியாகவே கேட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் நியாயமான கேள்விதான். பெட்டிக்குள் நடப்பது வேறு.

முதலாவது, பூ இருந்தால் தேன்சுரப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. குளிர்ந்த இரவுகளும் குறுகிய பகல்களுமாக இருக்கும்போது பல செடிகளில் மதுரம், அதாவது பூவின் இனிப்பு நீர், மிகக் குறைவாகவே ஊறும். ஹேசல் காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம்; அதன் ஆண் பூக்களில் மதுரமே கிடையாது. டாண்டிலியன் கொடுக்கும் ஆரஞ்சு நிற மகரந்தம் பார்க்க அழகு. ஆனால் தேனீக்களுக்குத் தேவையான சில அமினோ அமிலங்கள் அதில் போதாது என்பதால், அதை மட்டும் வைத்துத் தேனீக் குஞ்சுகளான புழுக்களை வளர்க்க முடியாது. ஆக, வெளியே போய் வரும் செலவுக்குக்கூடச் சில நாட்களில் வரவு இல்லை.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். மகரந்தம் உள்ளே வந்தால் ராணி முட்டையிடுவதைக் கூட்டும். புழு இல்லாத தேனீக் குடும்பம் குளிர்காலத்தில் பந்தாகத் திரண்டு, நடுப்பகுதியை மிதமான சூட்டில் வைத்துக்கொண்டு, தேனைச் சிக்கனமாகச் செலவழித்துக் காலம் தள்ளும். புழு வந்துவிட்டால் அந்த இடத்தை 34, 35 டிகிரி செல்சியஸில் வைத்தாக வேண்டும். அதற்கான எரிபொருள் முழுக்கச் சேமித்த தேன்தான். புழு உணவு தயாரிக்கத் தண்ணீரும் வேண்டும். அதை எடுக்கப் போய்க் குளிரில் விறைத்துத் திரும்பாத தேனீக்களின் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

குளிர்காலத் தேனீ வேறு மாதிரியான உடம்பு கொண்டது. கோடையில் ஒரு பணித் தேனீ ஐந்தாறு வாரம் வாழும். குளிர்காலத்துத் தேனீ உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்து வைத்து மாதக்கணக்கில் தாங்கும். புழுவுக்கு ஊட்டவும் வெளியே பறக்கவும் தொடங்கினால் அந்தச் சேமிப்பு கரைந்து அதற்கும் வயதாகிவிடும். முட்டையிலிருந்து புதுத் தேனீ வர 21 நாள் ஆகிறது. கிழடுகள் சாகும் வேகத்தில் புதியவை வரவில்லை என்றால் வசந்தம் தொடங்கும்போது பெட்டியில் ஆள் இருக்காது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 2024இல் வெளியான கணினி மாதிரி ஆய்வொன்றும் இதையே சொல்கிறது: இலையுதிர்காலமும் குளிர்காலமும் வெதுவெதுப்பாகிப் பறக்கும் நாட்கள் கூடினால், வசந்தத்தில் குடும்பங்கள் சரியும். பெட்டிகளைக் குளிர் அறையில் அடுக்கி வைப்பது அவர்கள் ஆராய்ந்த ஒரு வழி. நம்மைப் போல நாலைந்து பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது ஆகிற காரியமில்லை.

கடைசிக் குளிரில் கூட்டாகச் சென்று திறந்த ஒரு பெட்டியைப் பலரும் பார்த்தீர்கள். தேனடை தாங்கும் நடுச் சட்டத்தில் உள்ளங்கை அளவுக்கு மூடிய புழு அறைகள். அதைச் சுற்றித் தேனீக்கள் அறைகளுக்குள் தலையை விட்டபடி, வால் மட்டும் வெளியே தெரிய, செத்துக் கிடந்தன. ஓரத்துச் சட்டத்தில் மெழுகு மூடிய தேன் அப்படியே இருந்தது. வெதுவெதுப்பில் தேனீக்கள் புழு வளர்க்கத் தொடங்கின. பிறகு திடீர்க் குளிர் வந்தது. புழுவை விட்டு நகர மனமில்லாமல், இரண்டு சட்டம் தள்ளி இருந்த தேனுக்குப் போகாமல் பட்டினியில் முடிந்தது. பெட்டிக்காரர் நம்மில் கவனமானவர்களில் ஒருவர். அந்த வாரத்துக்கு முந்திய வாரம் வரை வாசலில் மகரந்த வரத்து அமோகம் என்று அவரே சொல்லியிருந்தார்.

தேனீக்களில் ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணி விஷயத்திலும் இந்தக் குளிர்காலம் நமக்கு எதிராகவே போனது. உண்ணி இனம் பெருக்குவது மூடிய புழு அறைக்குள்தான். உண்ணிக்கு மருந்தாக நாம் கொடுக்கும் ஆக்சாலிக் அமிலம் அந்த மூடியைத் தாண்டி உள்ளே போகாது. புழு இல்லாத இடைவெளியில் ஒரு முறை கொடுத்தால் வேலை சுத்தமாக முடியும் என்பதுதான் இத்தனை நாள் நம் கணக்கு. இந்த முறை சில பெட்டிகளில் அந்த இடைவெளியே வரவில்லை. நாட்காட்டியைப் பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்கு வசந்தத்தில் உண்ணி எண்ணிக்கை ஏறியே இருந்தது. இனி, புழு இருக்கிறதா என்று ஒரு சட்டத்தையாவது பார்த்துவிட்டுத் தேதி வைப்பது நல்லது.

செயற்குழு எடுத்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். வாசலைப் பார்த்து மதிப்பிடாமல் பெட்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கனம் பாருங்கள். கை பழகாதவர்களுக்காகச் சங்கம் ஒரு தொங்கு தராசு வாங்கியுள்ளது. கனம் குறைந்தால் கெட்டிச் சர்க்கரைக் கட்டியைத் தேனீக்களின் தலைக்கு மேலேயே வையுங்கள். குளிரில் நீர்த்த பாகு வேண்டாம். அதன் ஈரத்தை வற்ற வைப்பது அவற்றுக்குக் கூடுதல் வேலை. பெட்டிகளை நிழலுக்கு மாற்றினால் வீண் பறப்பு குறையுமா என்ற விவாதம் முடியவில்லை. குறையலாம், ஆனால் ஈரம் தங்கும் என்பது என் எண்ணம். அடுத்த குளிரில் விருப்பமுள்ளவர்கள் ஒரு பெட்டியில் மட்டும் செய்து பார்க்கட்டும்.

பூப்புப் பதிவேடு ஒன்று தொடங்கியிருக்கிறோம். எந்தச் செடி, எந்த நாள் முதல் பூ, தேனீ உட்கார்ந்ததா, கால் மகரந்தம் என்ன நிறம்: நான்கு கட்டங்கள்தான். "எங்கள் பக்கம் எல்லாமே பூத்திருக்கிறது" என்று எழுதியவர்கள் தயவுசெய்து செடியின் பெயரையும் சேர்த்து எழுதவும். பதிவேடு கூட்ட அறையின் அலமாரியில் இருக்கிறது. தராசு வேண்டுபவர்கள் அதே அலமாரியில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். புதிய நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிட விரும்புவோர் கணக்கு வாசிப்பு முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்