மலிவு நகரப் பட்டியலில் சென்னை: கணக்கை முழுதாக அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகில் வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரங்கள், மலிவான நகரங்கள் என்று ஆண்டுதோறும் பட்டியல் வருகிறது. நாளிதழ்களும் அதை வெளியிடுகின்றன. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 2019, 2023 பட்டியல்களில், மிக மலிவான பத்து நகரங்களுக்குள் சென்னை இருந்தது. வேளச்சேரியில் வாடகையும் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறவர் அந்தச் செய்தியைப் படித்தால், தன் சம்பளம் மட்டும் ஏன் இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிறது என்று குழம்புவார். அந்தப் பட்டியல் அவரை மனத்தில் வைத்துப் போட்டதல்ல என்பதைச் செய்தியில் யாரும் சொல்வதில்லை.

வெளிநாட்டுக்கு ஊழியரை அனுப்பும் நிறுவனங்கள், அவருக்கு எவ்வளவு படி கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதற்காக உருவான கணக்கு அது. ஒவ்வோர் ஊரிலும் பொருள் விலையை எடுத்து, அன்றைய நாணய மாற்று விகிதத்தில் டாலராக்கி, நியூயார்க்கை 100 என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். உள்ளூர்ச் சம்பளம் அதில் வராது. அதனால் ஒரு நாட்டின் நாணயம் சரிந்தாலே அந்த ஊர் 'மலிவாகி' விடும். 2019இல் பட்டியலின் அடியில் இருந்தது காரகாஸ். வெனிசுவேலாவில் பணவீக்கம் மக்களின் சேமிப்பையே கரைத்துக்கொண்டிருந்த காலம் அது. 2023இல் அந்த இடம் டமாஸ்கஸுக்கு. போரில் சிதைந்த சிரியாவில் வாழ்வது சுலபம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2021இல் செலவு மிகுந்த நகரங்களில் ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு டெல் அவிவ் ஏறியதற்கும், டாலருக்கு எதிராக இஸ்ரேலின் நாணயமான ஷெகல் வலுத்ததுதான் பெரிய காரணம்.

நமக்கு அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு டாலர் சுமார் 200 ரூபாய். மத்திய வங்கி நாணய விகிதத்தின் மேலிருந்த பிடியைத் தளர்த்தியபின் மே மாதத்தில் அது 360 ரூபாயை எட்டியது. அதே மே மாதம் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிட 39 சதவீதம் கூடியிருந்தது. டாலர் வைத்திருந்தவருக்குக் கொழும்பு மலிவானது. இலங்கை ரூபாயில் சம்பளம் வாங்கியவருக்கு அதே கடையில் அதே பொருள் எட்டாமல் போனது. செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருளுக்கு மட்டும் 94.9 சதவீதம். ஒரே ஊர், ஒரே மாதம், இரண்டு பேருக்கு இரண்டு விலைவாசி. 'மலிவு' என்று எழுதும்போது யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதவேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இன்னொரு அளவுகோல் வாங்கும் திறன் சமநிலை. இது நாணயச் சந்தையைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளும் சேவையும் இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்று பார்க்கிறது. 1968இல் ஐக்கிய நாடுகள் புள்ளியியல் பிரிவும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் தொடங்கிய சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம், இப்போது உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் இந்த விலைகளைச் சேகரிக்கிறது. 2017 சுற்றில் 176 நாடுகள் பங்கேற்றன. அந்தச் சுற்றின்படி இந்தியாவுக்கு டாலருக்கு 20.65 ரூபாய், அந்த ஆண்டின் சந்தை விகிதம் 65.12 ரூபாய்.

இந்த மூன்று மடங்கு இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். கப்பலேறும் பொருளுக்கு உலகெங்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான், வரிதான் வித்தியாசப்படுத்தும். 2025 நடுவில் டாலர் 86 ரூபாயை ஒட்டி இருந்தபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல். அமெரிக்காவில் ஒரு கேலன், அதாவது 3.785 லிட்டர், மூன்று டாலர் சொச்சம். லிட்டருக்கு 70 ரூபாய் சொச்சம்தான். கைபேசி, மடிக்கணினி, சமையல் எண்ணெய் எதிலும் நமக்கு மூன்றில் ஒரு பங்கு விலை கிடையாது. மலிவு முழுவதும் கப்பலேற முடியாதவற்றில் இருக்கிறது: முடிவெட்டுதல், வீட்டு வேலை, ஆட்டோ, மெஸ் சாப்பாடு, டியூஷன். அவை மலிவாக இருப்பதற்குக் காரணம் அவற்றைச் செய்கிறவரின் கூலி குறைவு. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் கூலிதான் அடுக்குமாடியில் இருப்பவரின் 'வாங்கும் திறன்'. அந்த அம்மா வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதில்லை, டாக்சியில் போவதில்லை. அவர் செலவழிப்பது எண்ணெய், பருப்பு, சிலிண்டர், கைபேசி ரீசார்ஜ் என்று விலை இறங்காத பக்கத்தில்தான். நாட்டுச் சராசரியில் கிடைக்கும் 20.65 அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இந்த எண்ணைக் கையாள்வதில் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். உலக வங்கியின் வறுமைக் கோடு நாளொன்றுக்கு 2.15 டாலர் என்று இருந்தது. அது 2017ஆம் ஆண்டின் வாங்கும் திறன் டாலர். நம் பணத்தில் 2017 விலையில் சுமார் 45 ரூபாய். ஆனால் சந்தை விகிதத்தால் பெருக்கி 140 ரூபாய் என்றோ, இன்றைய விகிதத்தால் பெருக்கி அதற்கும் மேலாகவோ எழுதிவிடுகிறார்கள். 2025 ஜூனில் கோடு 3 டாலராக மாறியபோதும் அதே பிழை: மூன்றை 85ஆல் பெருக்கி 255 ரூபாய். அது 2021ஆம் ஆண்டின் வாங்கும் திறன் டாலர் என்பதால் 2021 விலையில் 60 ரூபாய் அளவுதான் வரும். நாளுக்கு 60 ரூபாயில் ஒருவர் வாழ்கிறார் என்பதும் 255 ரூபாயில் வாழ்கிறார் என்பதும் ஒன்றா? ஏழையின் நிலையை நான்கு மடங்கு உயர்த்திக் காட்டும் பிழையைச் சின்னத் தவறு என்று விட்டுவிட முடியாது.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. 2017இல் மாதம் 50,000 ரூபாய் வாங்கியவர் சந்தைக் கணக்கில் 768 டாலர் வாங்கினார். வாங்கும் திறன் கணக்கில் 2,421 டாலர். 'அமெரிக்காவில் 2,400 டாலர் வாங்குவதும் இங்கே 50,000 வாங்குவதும் ஒன்றே' என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 20.65 மொத்த உள்நாட்டு உற்பத்தி முழுமைக்குமான சராசரி. குடும்பம் வாங்காத இயந்திரம், கட்டுமானம், அரசு அலுவலகச் சேவை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அரசுச் சேவைக்குச் சந்தை விலை கிடையாது என்பதால் ஊழியர் சம்பளத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். வாடகையை ஒப்பிடுவது இன்னும் கடினம். ஒரே மாதிரி வீடு இரண்டு நாட்டில் அகப்படாது. குடும்பங்களை ஒப்பிட வேண்டுமானால், குடும்ப நுகர்வுக்கென்று தனியே வெளியாகும் விகிதத்தை எடுக்கவேண்டும். அதுவும் நாடு முழுமைக்குமான சராசரி என்பதால் சென்னைக்கும் செய்யாறுக்கும் ஒரே எண்தான் வரும்.

விலை சேகரிப்பில் ஒரு சுற்றைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005 சுற்று சான்று. சீனா முதன்முறையாக அதில்தான் முழுமையாகக் கலந்துகொண்டது. இந்தியா 1985க்குப் பிறகு அப்போதுதான் திரும்ப வந்தது. அதுவரை பழைய மதிப்பீட்டைப் பணவீக்கத்தால் நீட்டித்துக்கொண்டு வந்திருந்தார்கள். உண்மையான விலைகள் வந்து சேர்ந்ததும் சீனப் பொருளாதாரத்தின் அளவு சுமார் 40 சதவீதம் சுருங்கியது. ஒரு தொழிற்சாலைகூட மூடப்படவில்லை. மாறியது கணக்கு மட்டுமே. இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை வைத்து 'அந்த நாட்டை முந்தினோம்' என்று தலைப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

வாசகருக்கு எளிதில் புரிவதும் நாணய விகிதம் குறுக்கே வராததும் உழைப்பு நேரக் கணக்குதான். ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யவேண்டும் என்று பார்ப்பது. 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி 336 ரூபாய். 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. அதாவது இரண்டரை நாளுக்கும் மேலான கூலி. ஒரு நாள் கூலிக்கு மூன்று லிட்டர் சொச்சம் பெட்ரோல் வரும். அமெரிக்காவில் 2009 முதல் மாறாமலிருக்கும் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்த அடிமட்டக் கூலியில் எட்டு மணி நேரம் உழைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் கிடைக்கும். ஆனால் இதே முறையில் அரிசியையும் பேருந்தையும் பார்த்தால் வேறு படம் தெரியும். இங்கே குடும்ப அட்டைக்கு அரிசி இலவசம், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வீட்டு மின்சாரமும் ஓரளவு இலவசம். கடை விலையை மட்டும் சேகரிக்கும் தனியார் பட்டியல்களில் இவை எதுவும் வராது. ஆகவே ஒரு பொருளை மட்டும் எடுத்துப் பேசாமல், எரிபொருள், உணவு, வாடகை, மருத்துவம், படிப்பு என்று குறைந்தது ஐந்தை வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்த ஒப்பீடு உண்மையில் தேவைப்படுவது வெளிநாட்டு வேலைக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. சம்பளத்தை இன்றைய விகிதத்தால் பெருக்கி மலைத்துப் போகிறார்கள். செய்யவேண்டியது சம்பளத்தை இரண்டாகப் பிரிப்பது. அங்கே செலவாகும் பங்கை அந்த ஊர் விலையில் மட்டுமே அளக்கவேண்டும். அதற்கு ரூபாய் மதிப்பு தேவையே இல்லை. ஊருக்கு வரும் பங்கை மட்டும் சந்தை விகிதத்தால் பெருக்கி, அனுப்பும் கட்டணத்தையும் விகிதத்தில் வங்கி வைக்கும் லாபத்தையும் கழிக்கவேண்டும். வாங்கும் திறன் சமநிலையை இந்தப் பங்கில் பயன்படுத்தவே கூடாது.

சிங்கப்பூரில் மாதச் சம்பளம் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். ஆகவே 3,500இல் போகிறவர் தனியாகத்தான் போகிறார். அங்கே ஒரு சமையல், இங்கே ஒரு சமையல். அங்கே 1,700 செலவானால் வருவது 1,800. வருமான வரியை மாதாமாதம் பிடிப்பதில்லை. மறு ஆண்டுதான் வரும். இந்தச் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 620 வெள்ளி அளவில் வரும் அந்தத் தொகையை முன்கூட்டியே ஒதுக்காதவர்கள் திணறுகிறார்கள். வேலையை விட்டுத் திரும்பும்போது, வரிக் கணக்கு முடியும்வரை நிறுவனம் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கும். அந்நாட்டு வைப்பு நிதியான மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. இங்கே வேலையில் இருந்தால் நிறுவனம் போட்டிருக்கும் 12 சதவீத வைப்பு நிதியையும் அந்த 1,800இலிருந்து மனத்தில் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடவேண்டும்.

துபாயில் வருமான வரி இல்லை என்பதோடு நின்றுவிடுகிறார்கள். குடும்பத்தோடு போகிறவர் ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். தரகுக்கு 5 சதவீதம், முன்பணம் 5 சதவீதம், மின்சார–குடிநீர் இணைப்புக்கு அடுக்குமாடி வீடானால் 2,000 திர்ஹம் வைப்பு, ஆண்டு வாடகையில் 5 சதவீத வீட்டுக் கட்டணம் மாதத் தவணையாக மின்சார ரசீதிலேயே. மாதத் தவணையான வீட்டுக் கட்டணம் தவிர, முதல் மாதச் சம்பளம் வருவதற்குள் மற்றதெல்லாம் கைக்காசு. பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். கடிதத்தில் அடிப்படை குறைவாகவும் படிகள் அதிகமாகவும் இருந்தால் மாதத் தொகை ஒன்றாகவே தெரியும், முடிவில் கிடைப்பது பாதியாகிவிடும். ஜெர்மனியில் இதற்கு நேர்மாறு: ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு 7 சதவீதத்துக்கும் மேல், அதன்மேல் வரி. கைக்கு வருவது குறைவு; ஆனால் மருத்துவரும் பிள்ளையின் பள்ளிப் படிப்பும் அதற்குள் அடங்கிவிடும். துபாய்ச் சம்பளத்தையும் ஜெர்மன் சம்பளத்தையும் பிடித்தத்துக்கு முந்தைய தொகையில் ஒப்பிட்டால், தவறான நாட்டைத் தேர்ந்தெடுப்பது நிச்சயம்.

தங்கள் நாளிதழிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். இத்தகைய செய்தியோடு நான்கு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கணக்கெடுத்தவர் யார், எந்த நகரம் 100, எந்த மாதத்து நாணய விகிதம், வாடகை சேர்ந்திருக்கிறதா இல்லையா. நம்பியோ போன்ற தளங்களின் எண்கள் பயன்படுத்துவோரே பதிவுசெய்யும் விலைகளிலிருந்து வருகின்றன. அதன் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது, வாடகை சேர்ந்த குறியீடு தனியே இருக்கிறது. எதை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். வறுமைக் கோட்டைப் பற்றி எழுதும்போது டாலருக்கு முன்னால் ஆண்டையும், அதற்குரிய வாங்கும் திறன் விகிதத்தில் வரும் ரூபாயையும் போடுங்கள். ஏற்கெனவே சந்தை விகிதத்தில் பெருக்கி வெளியானவை இருந்தால் திருத்தம் வெளியிடுங்கள்; போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாளிதழிலிருந்துதான் குறிப்பெடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல், பொருளியல் பணியில் உள்ள வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி.