சிறுபோகக் கூட்டமும் ஹெடர் பைலும்

கிளிநொச்சி,
பங்குனி மாதம்.

மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் பாதி, சிஸ்டம்சி பாதி. அதுதான், வன்பொருளை மாதிரி செய்து பார்க்க உதவும் சி++ நூலகம். அறிவியல் நகர் பொறியியல் பீடத்துப் பொடியன் இருவர் தங்கள் இறுதி வருட வேலைக்கு என்னிடம் வந்து போகிறார்கள். சிக்னலைச் சுத்தம் செய்யும் ஒரு வடிகட்டியின் மாதிரி. அதற்கு நிலைப்புள்ளி எண்கள் வேண்டும், தசமப் புள்ளிக்கு இரு பக்கமும் இத்தனை இடம் என்று முன்பே குறித்த எண்கள்.

போன கிழமை வரை நன்றாக ஓடியது. ஒரு இரவு நான்தான் பெரிய மனிசன் மாதிரி, ஹெடர் எனப்படும் அறிவிப்புப் பைல்களை நிரலுக்குள் இழுக்கும் இன்க்ளூட் வரிகளை அகரவரிசைக்கு அடுக்கிவிட்டேன். விடிய விடிய எஸ்சி_பிக்ஸ்ட் என்ற நிலைப்புள்ளி வகை என்றால் என்னவென்றே கம்பைலருக்குத் தெரியவில்லை! ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை, வரிசைதான் மாறியது.

விஷயம் இதுதான். நிலைப்புள்ளி வகைகளைச் சேர்த்தால் கம்பைல் நேரம் கூடும் என்று எங்களிடம் உள்ள பதிப்பில் அந்த நூலகம் அவற்றைத் தானாகச் சேர்ப்பதில்லை. எஸ்சி_இன்க்ளூட்_எப்எக்ஸ் என்ற மாக்ரோவை, அதாவது கம்பைலருக்கான அடையாளப் பெயரை, சிஸ்டம்சி ஹெடர் வருவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். பொடியன்கள் அதை வடிகட்டியின் ஹெடரில் எழுதியிருந்தார்கள். முன்பு அதுதான் முதலில் வந்தது. என் அடுக்கலில் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் பகுதி) ஹெடர் முன்னே ஏறி, மாக்ரோ இல்லாமலே சிஸ்டம்சியை உள்ளே இழுத்துவிட்டது. ஒரே ஹெடர் இரண்டு தரம் சேராமல் தடுக்கும் காவல் ஒரு முறைதான் வழிவிடும், பிறகு யார் என்ன அறிவித்தாலும் காதில் விழாது.

இரணைமடுக் குளத்தில், சிறுபோக நெல் விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டம் நினைவிருக்கிறதா? யாருக்கு எவ்வளவு காணி என்று துருசு (குளத்து மதகு) திறக்க முன்பே முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் வாய்க்காலில் இறங்கிய பிறகு வந்து சத்தம் போட்டால் யார் கேட்பது?

இப்போது அந்த மாக்ரோவை எந்தக் ஹெடரிலும் வைக்கவில்லை. கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளையிலேயே, மாக்ரோவை அறிவிக்கும் மைனஸ் டி (-D) தெரிவாகப் போட்டாயிற்று. எந்தப் பைல் முன்னால் வந்தாலும் கவலையில்லை.

இன்னொன்று, இதில் நீ என்னோடு சண்டை பிடிப்பாய். பலரும் சேர்க்கும் பொது ஹெடர்களில் சிஸ்டம்சி.எச் (systemc.h) வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது எஸ்சி_கோர், எஸ்சி_டிடி நேம்ஸ்பேஸ்களில் (பெயர்த் தொகுதிகளில்) உள்ள பெயர்களை மட்டுமல்ல, சி-அவுட், எண்ட்எல் போன்ற சி++ இன் பொதுப் பெயர்களையும் சேர்த்து வெளியே கொட்டும். பழைய நிரல்களுக்காக வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை. ஆனால் உன் ஹெடரைச் சேர்ப்பவன் எல்லாம் அதைச் சுமக்க வேண்டியதாகிறது. புள்ளி எச் இல்லாத சிஸ்டம்சி போதும். பெயருக்கு முன்னால் எஸ்சி_கோர் என்று எழுதக் கைவலி என்றால் தன் சிபிபி (.cpp) நிரல் பைலுக்குள், முன்னொட்டுத் தேவையில்லாமல் செய்யும் யூசிங் வரியைப் போட்டுக்கொள்ளட்டும். பொடியன் ஒருவன் முகம் சுளித்தான். நீயும் சுளிப்பாய், தெரியும்.

சரி, அம்மா சுகம். மழை பிந்தித்தான் நின்றது, வைக்கோல் கொஞ்சம் பழுதாகிவிட்டது. நீ முந்தி எழுதிய எப்ஐஆர் வகை வடிகட்டி நிரல் இன்னும் வைத்திருக்கிறாயா? ஹெடர்களை மட்டுமாவது அனுப்பு. எத்தனை இடத்தில் சிஸ்டம்சி.எச் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆசை.

உன் நண்பன்